மறு: 'பாப்புலேட்': 'நிரப்பு' போதாதா?

அனைவருக்கும் வணக்கம். படிவத்தில் ஆள் தேர்ந்தெடுக்கவேண்டிய பெயர்ப்பட்டியலை நிரலே கொண்டுவந்து போடுவதை ஆங்கிலத்தில் 'பாப்புலேட்' (populate) என்கிறார்கள். அதற்கு நான் புதுத் தமிழ்ச்சொல் தேடியதற்கு வந்த கேள்வி இது:

> 'படிவத்தை நிரப்பு' என்று ஊரே சொல்கிறது. கையில் 'நிரப்பு' இருக்க, புதுச்சொல் எதற்கு?

ஐயா, ஊரே சொல்வதுதான் சிக்கல். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அங்கே கொழுந்து போடும் சிறு விவசாயிகளைப் பதிய ஒரு வலைப்படிவம் எழுதிக் கொடுத்தேன். வட்டம் கேட்கும் இடத்தில் ஒரு கீழ்விரி (தொட்டால் கீழே விரியும் தெரிவுப் பட்டியல், டிராப்டவுன்). நீலகிரியில் இருப்பதே ஆறு வட்டம்: உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர். வலைப்பக்கத்திலேயே கையால் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வட்டத்தைத் தேர்ந்ததும் அடுத்த கீழ்விரியில் அந்த வட்டத்துக் கிராமங்கள் மட்டும் வரவேண்டும். அதனால் இரண்டையுமே தரவுத்தளத்திலிருந்து வழங்கி (சர்வர்) எடுத்துத் தரும்படி வைத்தேன். பட்டியல் வராமல் போனால் திரையில் காட்ட ஒரு வரியும் எழுதிவைத்தேன்: "வட்டம் நிரப்பப்படவில்லை."

நல்ல மழை நாளில் அங்குள்ள எழுத்தர் அண்ணன் கூப்பிட்டார். "ஏம்மா, மூணு தடவை எல்லாத்தையும் நிரப்பிட்டேன். இன்னும் நிரப்பலைன்னே சொல்லுதும்மா. வட்டத்தைத் தொட்டா வெள்ளையா ஒரு கோடுதான் வருது." வாசலில் ஆட்கள் குடையோடு நிற்கிறார்களாம். நிரப்பாதது என் நிரல். பழி விழுந்தது அவர்மேல். ஒரே வினைச்சொல்லை ஆளுக்கும் வழங்கிக்கும் சேர்த்துக் கொடுத்த வினை!

காரணம் அற்பம். கைப்பேசி எண்ணில் ஒரு இலக்கம் விட்டுப்போயிருந்தது. வழங்கி அதை ஏற்காமல் அதே படிவத்தைத் திருப்பி அனுப்பியது. முதல்முறை பக்கம் திறக்கும்போது பட்டியலை எடுத்துத் தந்த நிரல் வேறு, பிழையோடு திருப்பி அனுப்பும் நிரல் வேறு. இரண்டாவதில் பட்டியல் எடுக்கும் வரியை நான் எழுதவே இல்லை. உலாவி தேர்ந்த ஒரே மதிப்பைத்தான் அனுப்பும். குன்னூரைத் தேர்ந்தால் குன்னூருக்கான எண் மட்டும் போகும், மற்ற ஐந்தும் கூடப் போகாது. முன்பு என்ன பட்டியல் கொடுத்தோம் என்பதை வழங்கியும் தானாக நினைவில் வைத்திருக்காது. பக்கத்தை வரையும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தரவேண்டும். நான் எழுதியது ஸ்பிரிங்கில் (ஜாவாவில் வலைநிரல் எழுதும் சட்டகம்). அதில் பட்டியல் எடுக்கும் செயற்கூறின் (பங்ஷன்) தலையில் 'மாடல்அட்ரிபியூட்' குறியை இட்டால், அந்தக் கட்டுப்படுத்திக்கு (கன்ட்ரோலர்) வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் முன்னால் அது ஓடிவிடும். அப்படித்தான் சரிசெய்தேன்.

பைத்தான் சட்டகமான ஜாங்கோவில் இதே வழுக்கல் வேறு மாதிரி. படிவ வகுப்பை (கிளாஸ்) எழுதும் இடத்திலேயே தெரிவுகளை எடுத்து வைத்துவிட்டால், வழங்கி கிளம்பும்போது எடுத்ததோடு சரி. புதுக் கிராமம் சேர்த்தாலும் மறுபடி கிளப்பும்வரை தலைகாட்டாது. பட்டியலுக்குப் பதிலாகச் செயற்கூறின் பெயரைக் கொடுத்தால், படிவம் உருவாகும்போதெல்லாம் அதை அழைத்துக்கொள்ளும்.

இதனால்தான் 'நிரப்பு' ஒட்டவில்லை. குடத்தை நிரப்பினால் அது நிறைந்தபடி நிற்கும். இங்கே அப்படி இல்லையே, வேளாவேளைக்குப் போட்டாகவேண்டும். என் பரிந்துரை ஊட்டு. 'குழந்தைக்குச் சோறு ஊட்டு' போல, 'கீழ்விரிக்குப் பட்டியலை ஊட்டு'. யாருக்கு, எதை என்ற இரண்டு இடமும் வினையிலேயே இருக்கின்றன. நினைவூட்டு, வலுவூட்டு, வண்ணமூட்டு வரிசையில் 'பட்டியலூட்டு' உறுத்தாமல் உட்காரும். படிவத்தை நிரப்புவது ஆள், பட்டியலை ஊட்டுவது வழங்கி என்று வேலையும் பிரிந்துவிடும்.

மற்ற பரிந்துரைகள்: 'குடியேற்று' ஆங்கிலச் சொல்லின் 'மக்களைக் குடியமர்த்து' என்ற பொருளைப் பிடித்துச் செய்தது, கீழ்விரிக்குள் யாரும் குடும்பத்தோடு போய் இருக்கப்போவதில்லை. 'ஏற்று' ஏற்கெனவே பதிவேற்றத்தில் மாட்டிக்கொண்டது.

> ஃபீடுக்கும் ஊட்டம் என்று சிலர் எழுதுகிறார்களே, குழம்பாதா?

அக்கா, தளங்களின் புதுப்பதிவுகளைத் தொடர்ந்து தரும் அந்த ஃபீடுக்குச் 'செய்தியோடை' நன்றாகவே புழங்குகிறது. ஓடையை ஓடைக்கு விட்டுவிடலாம்.

பட்டியல் ஊட்டும் செயற்கூறுக்குப் 'பட்டியலூட்டி' என்று பெயர் வைத்தால், மலைமேல் இருப்பவள் ஊர்ப்பாசத்தில் நுழைக்கிறாள் என்பீர்கள். அந்த ஊட்டி, உதகமண்டலத்தின் ஆங்கில வடிவமான ஊட்டகமண்ட் சுருங்கி வந்தது. இந்த ஊட்டிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்தச் சொல் நமக்கும் நம் கையேடுகளுக்கும்தான். எழுத்தர் அண்ணனின் திரையில் 'பட்டியலூட்டல் தவறியது' என்று போட்டால் மறுபடி போன் வரும். அங்கே "வட்டப் பெயர்கள் வரவில்லை. பக்கத்தை மீண்டும் திறக்கவும்" என்று மாற்றிவிட்டேன்.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. கிராமக் கீழ்விரி, வட்டத்தைத் தேர்ந்த பிறகே வாய் திறக்கும். ஒன்றன் தெரிவைப் பார்த்து மற்றொன்றுக்கு ஊட்டுவதற்குத் 'தொடரூட்டல்' என்று எழுதிப் பார்த்தேன். நிற்காமல் ஊட்டிக்கொண்டே இருப்பது போல ஒலிக்கிறது. 'சார்பூட்டல்'? யாருக்காவது இதைவிட நல்லதாகத் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து