குரல்வழித் தட்டச்சு: பிழைகளை எப்போது, எந்த வரிசையில் திருத்துவது?

வரிவடிவம் கேட்டது:

மணிக்கட்டு வலிக்காகத் தட்டச்சைக் குறைத்துக்கொள்ளும்படி மருத்துவர் சொல்லிவிட்டார். மொழிபெயர்ப்புதான் என் தொழில். ஆகவே முதல் வரைவு முழுவதையும் இப்போது பேசியே எழுதுகிறேன். உலாவியில் இயங்கும் மென்பொருள். தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசினால் எழுத்து விழுகிறது. வேகத்தில் குறையில்லை. திருத்தும்போதுதான் திணறுகிறேன். 'பணி' என்று சொன்னால் 'பனி' வருகிறது. அந்தச் சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்து மறுபடி சொன்னால் மறுபடியும் 'பனி'தான். கடைசியில் கை விசைப்பலகைக்குப் போகிறது, வலியும் திரும்புகிறது.

பேசும்போதே திருத்துவதா, முடித்த பிறகா? நான் திருத்துவதைப் பார்த்து மென்பொருள் கற்றுக்கொள்ளுமா? படித்துப் பார்த்தும் கண்ணுக்குத் தப்பிவிடும் பிழைகளை எப்படிப் பிடிப்பது? கையில் இருப்பது வரலாற்று நூல். பக்கத்துக்குப் பக்கம் அரசர் பெயர்கள்.

தாள்முனை:

ஒலிவாங்கியை வாய்க்கு அருகில், எப்போதும் ஒரே தொலைவில் வையுங்கள். தலையில் மாட்டும் வகை நல்லது. எல்லாம் முடிந்த பின் சொற்பிழை திருத்தியை ஒருமுறை ஓட்டினால் பெரும்பாலான பிழைகள் அகப்பட்டுவிடும்.

மெய்ப்புக்கண்:

ஒலிவாங்கி பற்றி நண்பர் சொன்னது சரி. சொற்பிழை திருத்தியை மட்டும் நம்பாதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். பிறர் பேசி உருவாக்கிய படிகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் அன்றாட வேலை. விரல் தவறினால் அகராதியில் இல்லாத ஓர் உருவம் வரும், திருத்தி அதன் அடியில் சிவப்புக் கோடு போடும். பேச்சுணர் மென்பொருளின் தவறு அப்படிப்பட்டதல்ல. அது தவறும்போதும் பெரும்பாலும் எழுத்துப்பிழையற்ற இன்னொரு நல்ல சொல்லையே வைக்கிறது. 'அவள் வந்தால் சொல்கிறேன்' என்பது 'அவள் வந்தாள் சொல்கிறேன்' என்று விழுந்தால் எந்தக் கோடும் வராது. மலையும் மழையும், அரையும் அறையும், பல்லியும் பள்ளியும் அப்படியே.

'பனி' ஏன் மாற மறுக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. நம்மில் பெரும்பாலோர் ன, ண இரண்டையும் ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கிறோம். ஒலியை வைத்துப் பிரிக்க முடியாதபோது, அக்கம்பக்கத்துச் சொற்களோடு எது பொருந்தி வருகிறது என்று பார்த்துத்தான் மென்பொருள் முடிவெடுக்கிறது. ஒற்றைச் சொல்லைச் சொன்னால் அந்தத் துணை போய்விடுகிறது. ஆகவே சொல்லைத் தேர்ந்தெடுக்காதீர்கள், தொடரைத் தேர்ந்தெடுங்கள். 'அரசுப் பணியில் சேர்ந்தார்' என்று சில சொற்களாக மறுபடி சொன்னால் 'பணி' தானாக வந்து உட்கார வாய்ப்பு அதிகம். தொடராகச் சொல்லியும் வராவிட்டால் மூன்றாவது முறை குரலை உயர்த்திப் பயனில்லை. அதைக் குறித்துவைத்துவிட்டு மேலே செல்லுங்கள்.

பேசும்போதே திருத்த வேண்டாம். திரையில் முதலில் தெரிவது தற்காலிக எழுத்து. வாக்கியம் நீள நீள, மென்பொருள் முன்னால் எழுதியதையே மாற்றிக்கொள்ளும். பாதியில் நிறுத்தித் திருத்தினால், தானாகச் சரியாகியிருக்கக் கூடிய சொல்லுக்காக உங்கள் சிந்தனை அறுபடும். வாக்கியம் முடியும் வரை திரையைப் பார்க்காமல் மூல நூலையே பார்த்துப் பேசுங்கள். எழுத்து நடையில், முழு வினைமுற்றோடு பேசுவது மிக முக்கியம்.

கற்றுக்கொள்ளுமா என்று கேட்டீர்கள். 1997-இல் வெளிவந்த டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங் போன்ற கணினி மென்பொருள்கள் ஒவ்வொருவர் குரலுக்கும் தனிக் கோப்பு வைத்திருந்தன. அவற்றின் திருத்தும் கட்டளை வழியாகத் திருத்தினால் அந்தத் திருத்தம் கோப்பில் சேரும், வெறுமனே மேலே தட்டச்சிட்டால் சேராது. 'திருத்தத் திருத்தப் பழகும்' என்ற அறிவுரை அங்கிருந்து வந்தது. டிராகனில் தமிழ் கிடையாது. உலாவியில் நீங்கள் அழித்து எழுதுவது வெறும் எழுத்துத் திருத்தம்தான். நாளைக்குப் பலன் தரும் என்று எண்ணி அதில் கையை நோகவைக்காதீர்கள். சொற்பட்டியல் சேர்க்கும் வசதி இருந்தால் மட்டும் பெயர்களை அதில் போட்டுவையுங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேச்சுணரியின் பிழைகளை மூன்றாகப் பிரிப்பார்கள்: சொல் மாறுவது, இல்லாத சொல் நுழைவது, சொன்ன சொல் விடுபடுவது. மூன்றையும் கூட்டிப் பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பிழை வீதம் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் 'மிகவும்' விடுபட்டாலும் 'இல்லை' விடுபட்டாலும் ஒரே மதிப்பு. வாசகருக்கு அப்படியா? வாக்கியத்தின் கடைசியில் நம் குரல் தாழ்ந்துவிடும். தமிழிலோ வினைமுற்றும் எதிர்மறையும் அங்கேதான் இருக்கின்றன. 'அவன் அங்கே போனதில்லை' என்பது 'அவன் அங்கே போனது' என்று நின்றால் ஏதோ குறைகிறது என்று தெரியும். 'படை வந்ததாகத் தெரியவில்லை' என்பது 'படை வந்ததாகத் தெரிகிறது' என்று ஆகிவிட்டால் படிப்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். வரலாற்று நூலில் இதைவிடப் பெரிய கேடு இல்லை.

ஆகவே பேசும்போது வேறொரு கருவியில் உங்கள் குரலையும் பதிவுசெய்யுங்கள். பிறகு பதிவைக் கேட்டுக்கொண்டே எழுத்தைப் பாருங்கள். முதலில் வாக்கிய இறுதிகள், அடுத்துப் பெயர்களும் எண்களும், அதன் பிறகே மற்றவை. வெறும் கண்ணால் படித்தால் பொருந்தி வருவதையெல்லாம் மனம் ஏற்றுக்கொள்ளும். பொருந்தி வருவதைத் தேர்ந்தெடுப்பதுதானே அந்த மென்பொருளின் வேலையே.

ஒலிக்கோப்பு:

பதிவுசெய்வதென்று ஆகிவிட்டால் இன்னொரு வழியும் திறக்கிறது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022-இல் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சுணர் மென்பொருளை உங்கள் கணினியிலேயே ஓட்டலாம், தமிழும் உண்டு. முதலில் அது பழகிய 6,80,000 மணிநேர ஒலியில் பெரும்பகுதி ஆங்கிலம் என்பதால் தமிழில் அதே தரத்தை எதிர்பார்க்க வேண்டாம். தொடங்கும்போது ஒரு முன்குறிப்பு கொடுக்கலாம். அதில் நூலில் வரும் பெயர்களை எழுதிவைத்தால் அந்த எழுத்துக்கூட்டலின் பக்கம் சாயும். ஒலியை 30 விநாடித் துண்டுகளாக எடுத்துக்கொள்ளும். நீண்ட மௌனம் வந்தால் பேசாததை எழுதுவதும், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதுவதும் உண்டு. யோசிக்கும் நேரத்தில் பதிவை நிறுத்திவையுங்கள்.

வரிவடிவம்:

மூவருக்கும் மிக்க நன்றி. தொடராகச் சொல்லிப் பார்த்தேன், 'பணி' வந்துவிட்டது. என் கணினி பழையது, விஸ்பரை இழுக்காது. நெடுங்கிள்ளி, நெடுஞ்செழியன் போன்ற பெயர்களுக்கு வேறு வழி இருக்கிறதா? ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக உடைந்து வருகின்றன. ஒரே விதமாகத் தவறினாலாவது மொத்தமாகத் தேடி மாற்றலாம்.

மெய்ப்புக்கண்:

இருக்கிறது. பெயருக்குப் பதிலாக, மென்பொருள் ஒருபோதும் தவறவிடாத, உங்கள் நூலில் வரவே வராத ஒரு சொல்லைச் சொல்லுங்கள். கடைசியில் மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தமிழில் எந்தச் சொல்லையும் வைத்துவிட முடியாது, வேற்றுமை உருபு காலை வாரும். மாற்றுச்சொல் பெயரைப் போலவே முடிய வேண்டும். நெடுங்கிள்ளிக்கு 'நாற்காலி' பொருந்தும். நாற்காலியை, நாற்காலிக்கு, நாற்காலியின் என்று வந்ததெல்லாம் நெடுங்கிள்ளியை, நெடுங்கிள்ளிக்கு, நெடுங்கிள்ளியின் என்று ஒழுங்காக மாறும். முதலெழுத்தையும் பாருங்கள். 'கரண்டி' என்று வைத்தால் 'அந்தக் கரண்டி' என்று ஒற்று விழுந்து, மாற்றிய பின் 'அந்தக் நெடுங்கிள்ளி' என்று நிற்கும். 'ந' என்ற எழுத்தில் தொடங்கும் பெயருக்கு வல்லினத்தில் தொடங்காத சொல்லே ஏற்றது.

நெடுஞ்செழியனுக்கு 'மணிகண்டன்' வைக்கலாம். தேடும்போது ஒரு நுட்பம் உண்டு. 'மணிகண்டன்' என்று புள்ளியோடு தேடினால் 'மணிகண்டனை', 'மணிகண்டனுக்கு' இரண்டும் அகப்படா, ஏனெனில் அங்கே புள்ளி இல்லை. 'மணிகண்டன' என்று புள்ளி இல்லாமல் தேடி, 'நெடுஞ்செழியன' என்று புள்ளி இல்லாமலேயே மாற்றுங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் புள்ளியோ உயிர்க்குறியோ அப்படியே தங்கிவிடும். முழுச்சொல் தேடல் அணைந்திருக்க வேண்டும். எல்லா மென்பொருளும் இப்படித் தேட விடுவதில்லை, ஒரு பக்கத்தில் சோதித்துவிட்டு இறங்குங்கள்.

வல்லின ஒற்றுகளை இதோடு கலக்க வேண்டாம். 'அதை பார்த்தான்' என்று ஒற்றில்லாமல் வருவது கேட்டதில் நேர்ந்த பிழையல்ல, அதைத் தனிச் சுற்றாகக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐகாரக் குறி, இடைவெளி, அடுத்து க, ச, த, ப என்று நான்கு தேடல்கள் இந்த வகைக்குப் போதும். குறியைத் தனியே ஒட்டும்போது அருகில் புள்ளி வட்டம் தெரிந்தால் பொருட்படுத்தாதீர்கள். ஆனால் 'அனைத்தையும் மாற்று' பொத்தானை இங்கே தொடவே கூடாது. 'அதைப் பார்த்தான்' என்பதில் ஒற்று மிகும், 'தலை பெரியது' என்பதில் மிகாது. ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.