லங்காவியில் பழைய இரட்டை உடல் பாய்மரப் படகு வாங்குவது: அனுபவப்பட்ட குடும்பங்களிடம் ஒரு கேள்வி

கேள்வி: கிரியான்கரை (நிபோங் திபால்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறைகளாக மலேசியாவின் நிபோங் திபாலைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழ்ந்து வருகிறது. அப்பா பால்மரம் சீவியவர். நான் செம்பனை ஆலையின் பட்டறையில் ஃபிட்டராக வேலை செய்கிறேன். அண்ணன் லூமுட் கடற்படைத் தளத்தில் இயந்திரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பாய்மரப் படகு ஓட்டவும் அந்தக் காலத்திலேயே பழகிக்கொண்டார். அவருடைய சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியையும் என் சேமிப்பையும் சேர்த்துக் குடும்பத்துக்கென்று ஒரு படகு வாங்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் வெகுநாள் ஆசை. வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கும் எண்ணம் இல்லை. பள்ளி விடுமுறைகளில் பிள்ளைகளோடு பினாங்கு, லங்காவி, பங்கோர் என்று கரையோரமாகப் போய்வர வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது லங்காவியில் ஒரு படகைப் பார்த்து வைத்திருக்கிறோம். அது இங்கிலாந்தின் கேன்வே தீவில் ப்ரௌட் நிறுவனம் 1980-களில் கட்டிய ஸ்னோகூஸ் 37 என்ற இரட்டை உடல் படகு (கேடமரான்). ஆங்கிலேய உரிமையாளர் வயது காரணமாகக் கடல் வாழ்க்கையை விட்டு ஊர் திரும்புகிறார். அவர் கேட்கும் விலை எங்கள் ஊரில் ஓர் ஒற்றைமாடி வீட்டின் விலையைவிடக் குறைவு. பார்வைக்குப் படகு சுத்தமாக இருக்கிறது. ஆனால் நீண்ட காலமாகக் கடலுக்குப் போகாமல் கட்டியே கிடந்திருக்கிறது.

வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும், பத்திரங்களை எப்படிச் சரிபார்க்க வேண்டும், வாங்கிய பிறகு படகை எங்கே வைத்துக்கொள்வது என்ற மூன்றும்தான் எங்கள் கவலை. மரினாக் (படகு நிறுத்தும் துறை) கட்டணம் எங்களுக்குச் சுமையாக இருக்கும் என்பதால் எங்கள் ஊர்க் கிரியான் ஆற்றிலேயே கட்டிவைக்க முடியுமா என்றும் யோசிக்கிறோம். இப்படி வாங்கிய குடும்பங்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: மஞ்சோங் பாய்மரம் (சித்தியவான்)

வணக்கம் சகோதரரே. நாங்களும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பம்தான். பழைய இரட்டை உடல் படகு ஒன்றை லங்காவியில் வாங்கி லூமுட் பக்கம் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். உங்கள் படகின் வகை எனக்குப் பழக்கமானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த நிறுவனத்தை நடத்திய ப்ரௌட் சகோதரர்கள் இருவரும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டியில் பிரிட்டனுக்காகக் கலந்துகொண்டவர்கள்; பிறகு இரட்டை உடல் படகுகளைக் கட்டத் தொடங்கி, நெடுங்கடலைத் தாண்டும் குடும்பப் படகுகளுக்குப் பெயர் பெற்றார்கள். இன்று அந்த நிறுவனம் இல்லை. ஆகவே உதிரி பாகத்துக்குக் கட்டியவரிடம் எழுதிக் கேட்கும் வசதி உங்களுக்குக் கிடையாது. ஆலைப் பட்டறையில் வேலை செய்யும் உங்களுக்கு இது பெரிய தடையாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

இந்தப் படகின் அமைப்பில் இரண்டு சிறப்புகள் உண்டு. முதலாவது, பாய்மரம் படகின் நடுவைவிடப் பின்தள்ளி, அறையின் பின்சுவரை ஒட்டி நிற்கிறது. அதனால் பெரிய பாய் சிறியதாகவும் முன்பாய் மிகப் பெரியதாகவும் இருக்கும். படகை இழுப்பதே அந்த முன்பாய்தான் என்பதால், அதன் துணி வெயிலில் நைந்திருக்கிறதா, சுருட்டும் உருளை தடையின்றிச் சுழல்கிறதா என்பதை முழுவதும் விரித்து நேரில் பாருங்கள். இரண்டாவது, இக்காலத்து இரட்டை உடல் படகுகளில் உடலுக்கு ஒன்றாக இரண்டு இயந்திரங்கள் இருக்கும். இந்த வகையில் பெரும்பாலும் நடுவில் ஒரே டீசல் இயந்திரமும், சுக்கானோடு சேர்ந்து திரும்பும், வேண்டாதபோது நீரைவிட்டு மேலே தூக்கிக்கொள்ளக்கூடிய ஓர் உந்துகாலும் (நீருக்குள் விசிறியைச் சுழற்றும் கால் போன்ற பகுதி) இருக்கும். செலவு பாதியாகும் என்பது நன்மை. ஆனால் அந்த ஒரு கால் நின்றுவிட்டால் பாயைத் தவிர வேறு துணை இல்லை. உந்துகாலின் எண்ணெயைச் சிறிது வெளியே எடுத்துப் பாருங்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே கடல்நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். ரப்பர் உறைகளில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் விரலால் மடித்துப் பார்க்க வேண்டும். இயந்திரத்தை நீங்கள் போய்ச் சேருமுன் ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் எத்தனை நேரத்தில் எழும்புகிறது, என்ன நிறத்தில் புகை வருகிறது என்பது அண்ணனுக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

இனி, பணம் உண்மையில் எங்கே போகும் என்பதைச் சொல்கிறேன். படகை நீரிலிருந்து தூக்கி வைத்து, தகுதியுள்ள சர்வேயர் (படகின் நிலையைச் சோதித்து அறிக்கை தருபவர்) ஒருவரைக் கொண்டு, உங்கள் செலவில் சோதிக்காமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுப்பதானால், சர்வேயின் முடிவு திருப்தியளிக்காவிட்டால் அது திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காலப் படகுகள் பலவற்றில் மேல்தளம், இரண்டு கண்ணாடி இழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துச் செய்யப்பட்டது. கைப்பிடிக் கம்பிகளும் கொக்கிகளும் பொருத்திய துளைகள் வழியாக மழைநீர் இறங்கினால் அந்த மரம் உள்ளேயே உளுத்துப்போகும், வெளியே வண்ணம் பளபளப்பாகவே இருக்கும். எங்கள் சர்வேயர் சிறு சுத்தியலால் அடி அடியாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் கணீரென்று ஒலித்தது, கெட்ட இடத்தில் ஒலி மொத்தென்று மடங்கிப் போயிற்று. அப்படி அவர் சுண்ணக்கட்டியால் வட்டமிட்ட இடங்களைக் காட்டித்தான் விலையைக் குறைத்தோம். பிறகு தகட்டை வெட்டி, மரத்தைச் சுரண்டி, ஈரம் காயும்வரை காத்திருந்து நாங்களே சரிசெய்தோம். நம்மூர் மழையில் அந்தக் காத்திருப்புதான் மிக நீளமானது.

இரட்டை உடல் படகில் இன்னொரு கவனம் தேவை. ஒவ்வோர் அலையும் இரண்டு உடல்களையும் வெவ்வேறு திசையில் முறுக்கப் பார்க்கும். அந்த முறுக்கைத் தாங்குபவை இரண்டையும் இணைக்கும் நடுத்தளமும் குறுக்குச் சுவர்களும்தான். அலமாரிகளைத் திறந்து, அந்தச் சுவர்கள் படகின் உடலோடு சேரும் மூலைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பாய்மரத்தின் அடியில் தளம் சிறிதாவது பள்ளமாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். நீண்ட கோடுகளாக ஓடும் வெடிப்பு, வண்ணத்தின் மேல் மட்டும் தோன்றும் மயிரிழைக் கீறலைப் போன்றதல்ல.

பாய்மரத்தைப் பிடித்திருக்கும் எஃகுக் கம்பிகளின் வயதைக் கேளுங்கள். பத்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் காப்புறுதி நிறுவனங்கள் பலவும் மாற்றச் சொல்லும். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருந்தாலும், காற்றுப் படாமல் உப்புநீர் தேங்கும் முனைகளுக்குள் அது அரித்துத்தான் போகும், வெளியே தெரியாது. கட்டியே கிடந்த படகு என்கிறீர்கள், ஆகவே கம்பிகள் முழுவதையும் மாற்றும் செலவை இப்போதே விலையோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழுள்ள வால்வுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். பித்தளையில் துத்தநாகம் கரைந்து வெளியேறினால் உலோகம் இளஞ்சிவப்பாக மாறி, கையோடு உடைந்துவரும் நிலைக்குப் போய்விடும்.

பதில்: பேராக் அன்னை (தெலுக் இந்தான்)

ஆண்கள் இயந்திரத்தையும் கம்பியையும் பேசிவிட்டார்கள். நான் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவளாக எழுதுகிறேன்.

இரட்டை உடல் படகு சாயாது. சமையல் பாத்திரம் அடுப்பின் மேல் நிற்கும், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படம் வரையலாம், வாந்தியும் குறைவு. என் மாமியார்கூட எங்களோடு வந்தார் என்றால் அதற்குக் காரணம் இதுதான். ஆனால் சாயாது என்பதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒற்றை உடல் படகு காற்று மிகும்போது சாய்ந்து எச்சரிக்கும். அதன் அடியில் ஈயக் கனமும் உண்டு, ஆகவே கவிழ்ந்தாலும் நிமிர வாய்ப்புண்டு. நம் படகுக்கு அந்தக் கனம் இல்லை. கவிழ்ந்தால் மிதக்கும், ஆனால் தானாக நிமிராது. அதனால் காற்றுமானியில் எண் எவ்வளவு ஏறினால் பாயைச் சுருக்குவது என்பதைக் கரையிலேயே முடிவுசெய்து, ஏறியதும் யாரும் விவாதிக்காமல் சுருக்கிவிட வேண்டும்.

மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன், சுமத்திராப் பக்கத்திலிருந்து சூறாவளி மழை ஒரு கறுப்புச் சுவராக வரும். காற்று மணிக்கு 80 கிலோமீட்டர் வரை வீசும், இடிமின்னலும் கூடவே வரும். லங்காவிப் பக்கம் பயணம் செய்ய டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வறண்ட காலமே ஏற்றது. நல்ல வேளையாக அது ஆண்டிறுதி விடுமுறையோடும் ஓரளவு பொருந்துகிறது. லங்காவியிலிருந்து பினாங்குக்குச் சுமார் 60 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் என்று வைத்தால் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், ஆகவே இருட்டில் புறப்பட வேண்டும் அல்லது இருட்டில் சேர வேண்டும். அப்போது மீனவர்களின் வலைகளும் மிதக்கும் கட்டைகளும் கண்ணுக்குத் தெரியாது. வழியில் ஒரு தீவில் நங்கூரமிட்டு இரண்டு பகலாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

இன்னொன்று, பாரம். இந்த வகைப் படகு சுமை தாங்காது. நடுத்தளம் நீருக்கு மிக அருகில் இருப்பதால், பொருள்களை ஏற்ற ஏற்ற அலை அடியிலிருந்து தளத்தை மோதும். முன்பு இருந்தவர் விட்டுச்செல்லும் சாமான்களை எல்லாம் இரக்கப்பட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். சமையல் எரிவாயுத் தோம்பு படகின் உள்ளறைகளோடு தொடர்பில்லாத பெட்டியில், அடியில் வெளியே வடியும் துளையோடு இருக்க வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் தேங்கி நிற்கும். பிள்ளைகளின் மிதவைச் சட்டைகளை அவரவர் எடைக்கு ஏற்றபடி புதிதாக வாங்குங்கள். படகோடு வரும் பழையவை வேண்டவே வேண்டாம்.

பதில்: துறைமுகக் கணக்கர் (பட்டர்வொர்த்)

கப்பல் முகவர் அலுவலகத்தில் நெடுங்காலம் பத்திர வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்தப் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

ஆங்கிலேயரின் படகு பிரிட்டனில் எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். சிறு படகுகளுக்கான மூன்றாம் பிரிவுப் பதிவு, படகு எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதைக் காட்டுமே தவிர, அது யாருக்குச் சொந்தம் என்பதற்குச் சட்டப்படியான சான்றாகாது. முதற்பிரிவுப் பதிவுதான் உரிமையையும் அடமானத்தையும் பதிவேட்டில் காட்டும். மூன்றாம் பிரிவு என்றால், அவர் வாங்கியபோது பெற்ற விற்பனைப் பத்திரத்தையும், கிடைத்தால் அதற்கு முந்தைய உரிமையாளர்களின் பத்திரங்களையும் வரிசையாகக் கேட்டு வாங்குங்கள். மரினாவிலும் படகுப் பட்டறையிலும் நிலுவைக் கட்டணம் இல்லை என்ற கடிதமும் தேவை. மேலும், மூன்றாம் பிரிவுப் பதிவு கைமாறியதும் முடிந்துவிடும்; பிரிட்டனில் வசிக்காத நீங்கள் அதைப் புதுப்பிக்க முடியாது. ஆகவே மலேசியப் பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்பதைக் கிள்ளான் துறைமுகத்தில் தலைமையகம் கொண்ட கடல்துறையிடம், பணம் கைமாறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு. அங்கே வெளிநாட்டுக் கொடியோடு இருக்கும் படகை மலேசியர் ஒருவர் வாங்கித் தீபகற்பக் கரைக்குக் கொண்டுவந்தால் வரிக் கேள்வி எழும். தரகர் சொல்வதையோ பக்கத்துப் படகுக்காரர் சொல்வதையோ நம்பி இருக்காமல், படகின் வயது, விலை ஆகிய விவரங்களோடு சுங்கத்துறைக்கு எழுதி, பதிலையும் எழுத்தில் பெறுங்கள். அந்தத் தொகை தெரிந்த பிறகுதான் விலை உங்களுக்கு உண்மையில் மலிவா என்று தெரியும்.

இன்னும் ஒன்று கேட்டு வையுங்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் லங்காவியின் ரெபாக், தெலாகா படகுத்துறைகள் சேதமடைந்தன. அன்று இந்தப் படகு எங்கே இருந்தது, பழுது பார்க்கப்பட்டதா என்பதை அதன் பயணக் குறிப்பேட்டில் தேடிப் பார்க்கலாம்.

கேள்வியாளர்: கிரியான்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணனிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சர்வேயரை அமர்த்தவும், சுங்கத்துறைக்குக் கடிதம் எழுதவும் முடிவு செய்துவிட்டோம். பதில் வரும்வரை முன்பணம் கொடுக்கப்போவதில்லை. கிரியான் ஆற்றைப் பற்றி மட்டும் சித்தியவான் நண்பர் இன்னும் சொல்ல முடியுமா?

பதில்: மஞ்சோங் பாய்மரம் (சித்தியவான்)

சொல்கிறேன். ஸ்னோகூஸ் நீருக்குள் இறங்கும் ஆழம் ஒரு மீட்டருக்கும் குறைவு. நீர் வற்றினாலும் தன் இரண்டு உடல்களின் மேல் நேராகச் சேற்றில் உட்கார்ந்துவிடும். நன்னீர் பாயும் ஆற்றில், படகின் அடியில் ஒட்டும் கடல் சிப்பிகள் செத்துவிடுவதும் ஒரு நன்மை. அந்த வகையில் ஆறு இந்தப் படகுக்கு ஏற்ற இடம்தான். ஆனால் பாய்மரத்தின் உயரத்தை நினைத்துப் பாருங்கள். பாலங்களுக்கும் ஆற்றைக் கடக்கும் மின்கம்பிகளுக்கும் கீழ்ப்புறத்தில், கழிமுகத்துக்கு அருகே உள்ள துறையில்தான் இடம் தேட வேண்டும். கழிமுகத்து மணல்மேடு பெருநீரில் எவ்வளவு ஆழம், வற்றுநீரில் எவ்வளவு என்பதை அங்கே தினமும் போய்வரும் மீனவர்களிடம் கேட்டு, அவர்களுடைய படகிலேயே அண்ணன் ஒருமுறை போய் அளந்து வரட்டும். சேறு, இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர்க்குழாயை அடைக்கும் என்பதால் வடிகட்டியை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ வேண்டும். காப்புறுதி நிறுவனம் ஆற்றுத் துறையை ஏற்குமா என்பதையும் முன்பே கேளுங்கள். சில நிறுவனங்கள் காவலுள்ள மரினாவை மட்டுமே ஏற்கும்.

அடிப்பகுதிக்கு வண்ணம் பூசவும் வால்வு மாற்றவும் அவ்வப்போது படகைத் தூக்கியாக வேண்டும். இரட்டை உடல் படகுகளில் பலவற்றை அவற்றின் அகலம் காரணமாக டிராவல் லிஃப்டில் (படகைப் பட்டைகளில் தாங்கிக் கரைக்குத் தூக்கும் இயந்திரம்) தூக்க முடியாது. உங்களுடையது ஐந்து மீட்டருக்கும் குறைவான அகலம் என்பதால் கூடுதல் இடங்களில் தூக்கலாம். பங்கோர் மரினா பக்கம் வரும்போது சொல்லுங்கள். ஏணியும் சுத்தியலும் நான் கொண்டுவருகிறேன்.