காமன் கூத்தில் முதன்முறையாக ரதி கட்டுகிறேன்: புலம்பலை எப்படிப் பாடுவது?

மேற்பிரிவு லயம் (கேள்வி):
எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வருகிற மாசி வளர்பிறையில் கூத்துக்குக் கம்பம் நட்டுக் காமன் ஊன்றவிருக்கிறார்கள். காமனான மதனைச் சிவன் எரிக்க, அவன் மனைவி ரதி புலம்பும் கதைதான் கூத்து. இத்தனை காலமும் ரதி கட்டி வந்தவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டதால், கூத்து மாஸ்டர் அந்த வேஷத்தை என்னிடம் தந்திருக்கிறார். எனக்கு வயது 24. பாடசாலையில் படிப்பிக்கிறேன்; தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கியிருக்கிறேனே தவிர, விடியும்வரை நின்று ஆடியதில்லை. ரதியும் மதனும் சேர்ந்தாடும் அடிகள் ஓரளவு காலுக்கு வந்துவிட்டன. சிவனின் தவத்தைக் கலைக்கப் போக வேண்டாம் என்று மதனைத் தடுக்கும் தர்க்கப் பாட்டுகளையும் சமாளித்துவிடுவேன். காமன் எரிந்தபின் வரும் புலம்பல்தான் பயமாக இருக்கிறது. பெண்குரலில் எடுத்தால் இரண்டாவது அடியிலேயே தொண்டை உடைகிறது. என் குரலிலேயே பாடினால், அடுப்படியில் இருந்து கேட்ட தங்கை சிரித்துவிட்டாள். அழுதுகொண்டே பாட வேண்டுமா? ஒலிவாங்கியை ரவிக்கையில் குத்திக்கொள்ளலாமா? ஆடியவர்கள் சொல்லித் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ரதி:
தம்பி, மஸ்கெலியாப் பக்கத்தில் ஒன்பது மாசிகள் ரதி கட்டியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். தங்கை சிரித்ததைப் பெரிதாக எடுக்க வேண்டாம். என் மனைவி இன்றைக்கும் சிரிக்கிறாள். ஐந்து கட்டைச் சுருதிக்கு ஏறிப் பெண்ணைப் போலப் பாட முயல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். சேலைக்குள் இருப்பது ஆண் என்பது லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அதை மறைக்கும்படி யாரும் உங்களைக் கேட்கவில்லை. உங்கள் சொந்தக் குரலில், கொஞ்சம் தாழ்த்தியே தொடங்குங்கள். ஏனென்றால் பனியில் தொய்ந்த தப்பு மேளத்தை அடிப்பவர்கள் தீயில் காய்ச்சிக்கொண்டு திரும்பும்போது தோல் இறுகி ஓசை உயரும், அடியும் விறுவிறுக்கும். முதலிலேயே உச்சியில் நின்றவனுக்கு அப்போது ஏறிப்போக இடமிருக்காது. ஆகவே ஆர்மோனியத்தையும் கைபேசிப் பதிவையும் வைத்துக்கொண்டு பழகுவதைக் காட்டிலும், தப்படிப்பவர்களில் ஒருவரையாவது அழைத்து வெளியில், இரவுக் குளிரில் பழகுவதே பயன் தரும்.

அழுவதைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் வருஷம் நானும் கண்ணீரோடுதான் இறங்கினேன். ஆமணக்கும் கரும்பும் வைத்து வைக்கோல் புரி சுற்றிய கம்பம் அன்று பனியில் ஊறியிருந்ததால், தீ வைத்தும் பற்றாமல் வெறும் புகையாகக் கிளம்பி நேரே என் முகத்துக்கு வந்தது. மூன்றாவது அடியில் இருமல் பிடித்துக்கொண்டது. பாட்டு நின்றது, தப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் முன்வரிசையில் கம்பளி போர்த்திக் குந்தியிருந்த ஓர் ஆச்சி, கொழுந்துக்காம்பு கிள்ளிக் கறுத்த விரல்களால் மார்பைத் தொட்டுக்கொண்டு, நான் விட்ட அடியை ஒப்பாரி மெட்டிலேயே இழுத்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் இருவர் அந்த வருஷம்தான் வீட்டில் சாவு கண்டவர்கள். அன்றிலிருந்து அடியின் கடைசிச் சொல்லை நான் முழுதாகப் பாடுவதில்லை. பாதியில் இறக்கிவிட்டு மூச்செடுப்பேன், மிச்சத்தைக் கூட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் அழுதால் அவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஒலிவாங்கி வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்: உங்கள் குரல் மலை முழுக்க முழங்கினால் அந்த ஆச்சியின் குரல் எங்கே கேட்கும்?

பேராதனை மாணவன்:
முந்தைய பதிலில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒலிவாங்கி விடயத்தில் மட்டும் வேறுபடுகிறேன். மண்டப மேடையில் ஒன்றரை மணிநேரக் காமன் கூத்தில் நானும் ரதியாக ஆடினேன். அங்கே ஒலிவாங்கி இல்லாமல் ஐந்தாவது வரிசைக்கே சொல் போய்ச் சேராது. விடிய விடிய ஆடிய, கிழக்கிலங்கையின் வடமோடிக் கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ ஆகச் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேடையேற்றியது போல, நமது கூத்தையும் சுருக்கலாம் என்றே நம்பினோம். ஆட்டமும் தர்க்கமும் நன்றாகவே சுருங்கின. தூதன் வரும் காட்சிக்குக் கைதட்டல் நிற்கவில்லை. புலம்பல் மட்டும் விழுந்துவிட்டது. தீக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கு எரிந்தது, நான் சுருதி பிசகாமல் பாடினேன், சபை மரியாதையோடு கேட்டது, அவ்வளவுதான். பல இரவுகளாக வாசல் வாசலாக வந்து ஆடிய மதனை இழப்பதும், அரைமணிக்கு முன் அறிமுகமான மதனை இழப்பதும் ஒன்றல்ல என்பது மேடையிலிருந்து இறங்கிய பிறகே எனக்கு விளங்கியது. உங்களுக்குத் தோட்டத்திலேயே ஆடக் கிடைத்திருக்கிறது. அந்த வீட்டுவாசல் ஆட்டங்களில் ஒன்றையும் களைப்பென்று தவறவிடாதீர்கள்.

கரும்பு வில்:
மதன் கட்டுபவன் நான். சலங்கையை வெறுங்காலில் கட்டாதீர்கள். பழைய பருத்தித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி அதன்மேல் கட்டினால்தான் கணுக்கால் தப்பும். புலம்பலுக்கு முன் வெள்ளைச் சேலைக்கு மாற வேண்டியிருந்தால், இருட்டில் ஊசி தேடிக்கொண்டிருக்க முடியாது. இன்னொருவர் கையில் எல்லாவற்றையும் எடுத்துக்கொடுத்து வையுங்கள். வெந்நீரும் மல்லித்தண்ணியும் போதும். சிலர் குளிருக்கென்று வேறொன்றை நீட்டுவார்கள். விரதத்துக்குக் காப்புக் கட்டியிருக்கிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

மேற்பிரிவு லயம்:
மூவருக்கும் நன்றி. நேற்றிரவு கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் முன்னால் ஒரேயொரு தப்போடு பாடிப் பார்த்தேன். தாழ்த்தித் தொடங்கியபோது குரல் உடையவில்லை. ஆனால் கடைசிச் சொல்லைப் பாதியில் விட்டபோது யாரும் எடுக்கவில்லை; வெறும் அமைதிதான் இருந்தது.

பழைய ரதி:
மடுவத்தின் முன்னால் யார் இருந்தார்கள், தம்பி? தப்படிப்பவரும் நீங்களும்தானே. எரிகிற இரவிலும் முதல் இரண்டு அடிகளுக்கு அப்படித்தான் அமைதியாக இருக்கும். அதற்குப் பயந்து சொல்லை நீங்களே முடித்துவிடாதீர்கள்.