புதுப்பிப்பு: வெட்டவெளிக் குதிரைகளுக்குக் காய்ந்த புல்

தீனி அளவு முந்தைய பதிவில் எழுதியதுதான்: 400 கிலோ குதிரைக்கு நாளுக்கு 8 கிலோ காய்ந்த புல், அதாவது உடல் எடையில் 2 சதவீதம். அந்தப் பதிவின்கீழ் நீங்கள் கேட்டவை: புல்கட்டுகளை வெளியில் எப்படி மூடிவைப்பது, எந்தப் புல் ஆகாது, பல குதிரைகளுக்கு எப்படிக் கொட்டுவது. பதில் இதோ.

தார்ப்பாயைக் கட்டுகள்மேல் ஒட்டிப் போர்த்தாதீர்கள், உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். அடியில் மரச்சட்டம், மேலே கயிறு கட்டிக் கூரைபோல் பாய், பக்கங்களில் காற்று போக வழி. புதுக் கட்டுக்குள் கையை நுழைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஈரம் மிச்சம் இருக்கிறது. உடனே பிரித்து உலர்த்துங்கள். விட்டால் தானே தீப்பிடிக்கவும் கூடும்.

சோளத்தட்டை வேண்டாம். மாட்டுக்குச் சரி, குதிரைக்குச் சிறுநீர்ப்பையும் பின்னங்கால்களும் பாதிக்கப்படலாம். கோ-4 (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்), கொழுக்கட்டைப்புல் இரண்டிலும் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம், அது சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போடும். மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் அந்தப் புல்லையே போட்டால் முக எலும்பு வீங்கும். வேறு புல் கிடைக்காவிட்டால் குதிரைமசால் என்ற பயறுவகைத் தீவனம் கலந்து, தாது உப்பின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

நாலு குதிரை என்றால் ஐந்து குவியல், நன்றாகத் தள்ளித் தள்ளி. மற்றவை விரட்டும் குதிரைக்கு அந்த ஐந்தாவது. மணல் தரையில் மட்டும் கொட்டாதீர்கள், மணல் குடலில் சேர்ந்து வயிற்றுவலி வரும்.