பழைய காரின் மடக்குக் கூரை: முன்பக்கம் அரை அங்குலம் எட்டவில்லை

மர வளைவுச் சட்டம் உள்ள பழங்கால திறந்த கார். இன்னொரு வண்டியில் கழற்றிய வினைல் கூரையை மாட்டுகிறேன். சட்டங்களுக்கு இடையிலான நாடாப்பட்டைகள் புதிது, இடைவெளி சரியாக இருக்கிறது. நடுக்கோட்டைச் சாக்பீஸால் குறித்து, பின்சட்டத்தில் நாலு ஆணியைப் பாதி மட்டும் அடித்து முன்னால் இழுத்தால் ஒரு அங்குலம் குறைந்தது. இரண்டு மணி நேரம் வெயிலில் போட்டதும் பாதி இளகிக் கொடுத்தது. அதற்கு மேல் இழுத்தால் பழைய ஆணித்துளைகள் நீண்டு, தபால்தலை ஓரம் போல வரிசையாகக் கிழிகின்றன.

பின்சட்டத்தை அரை அங்குலம் முன்னே சாய்த்தால் பக்கவாட்டில் சுருக்கம் விழுமா? இல்லை, முன்விளிம்பில் ஒட்டுத்துணி தைத்து மூடுபட்டையால் மறைப்பதா? எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் தையல் துளை வழியே தண்ணீர் இறங்காமல் எதைப் பூசுவது?

மரத்தின் பழைய துளைகளில் பசை தோய்த்த மூங்கில் குச்சி அடைத்தாயிற்று. ஆணி நன்றாகப் பிடிக்கிறது.