பப்பாளியில் மாவுப்பூச்சி: எறும்பு என்னதான் செய்கிறது?

கேள்வி: கொல்லைப் பப்பாளியின் இலையடியில் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. எறும்புகள் சாரை சாரையாக ஏறுகின்றன. தின்று தீர்த்துவிடும் என்று ஒரு வாரம் வேடிக்கை பார்த்தேன், பூச்சிதான் பெருகியது. ஏன்?

பதில் 1: தின்ன அல்ல, கறக்க ஏறுகின்றன ஐயா! பூச்சி கழிக்கும் இனிப்பு நீர்தான் அவற்றுக்குத் தீனி. கைமாறாக, மாவுப்பூச்சியைத் தின்னவரும் பொறிவண்டை விரட்டும்.

பதில் 2: மருந்தடித்தால் போகாதா?

பதில் 3: கோவையில் 2008இல் இது வந்தபோது அடித்தே களைத்தேன், மெழுகுப் பூச்சில் மருந்து வழுக்கி ஓடியது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த, கடுகளவுகூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். மருந்து அதையும் கொன்றுவிடும். எறும்பு ஏறாதபடி தண்டில் கிரீஸ் தடவிய துணியைச் சுற்றுங்கள்.

கேட்டவர்: சுற்றினேன். இப்போது பக்கத்துச் செம்பருத்திக் கிளை வழியாக ஏறுகின்றன!

பதில் 3: கிளையை வெட்டுங்கள்.