புதுப்பிப்பு: புரோஸ்டேட் அறுவைக்குப் பின் இப்போது எப்படி இருக்கிறேன்

புற்றுநோய்க்காகப் புரோஸ்டேட்டையே (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) எடுத்துவிட்டார்கள், இருமினால் சிறுநீர் ஒழுகுகிறது, இனி தாம்பத்தியம் அவ்வளவுதானா என்று முன்பு இதே இழையில் கேட்டிருந்தேன். பலர் தனியாக நிலவரம் கேட்டதால் இது.

கசிவு வெகுவாகக் குறைந்துவிட்டது. டயப்பர் போய் இப்போது சின்ன பேடு மட்டும், அதுவும் வெளியே போகும்போது. கெகல் பயிற்சியை (இடுப்புத்தளத் தசைகளை இறுக்கிப் பழகுவது) பிசியோதெரபிஸ்ட் சரியாகக் காட்டித் தந்தார்: சிறுநீரையும் காற்றையும் ஒருசேர அடக்குவது போல உள்ளே இழுக்க வேண்டும், வயிறும் தொடையும் இறுகக் கூடாது. தும்மல் வருவதற்கு முன்பே இறுக்கிக்கொள்ளப் பழகியதில்தான் பெரிய பலன். மாலையில் கனமான பையைத் தூக்கினால் இன்னும் ஒரு சொட்டு வரும்.

அப்புறம், எல்லாரும் சுற்றி வளைத்துக் கேட்ட விஷயம். விறைப்பு முழுதாகத் திரும்பவில்லை. நரம்புகளை வெட்டாமல் காப்பாற்றியிருந்தாலும் அவை தேற ஒன்றரை, இரண்டு ஆண்டுகூட ஆகலாமாம். விறைப்புக்கு உதவும் டடாலாஃபில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். (இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது, சீட்டில்லாமல் கடையில் வாங்கும் ஆசாமிகள் கவனிக்க.) உச்சம் வருகிறது, விந்து வராது, புரோஸ்டேட்டோடு விந்துப்பைகளும் போய்விட்டனவே. சில சமயம் அந்த நேரத்தில் சிறுநீர் கசியும். முன்னாடியே பாத்ரூம் போய்விட்டு, ஒரு துண்டை விரித்துக்கொண்டால் சரி. இதையெல்லாம் என் மனைவி என்னைவிட அலட்டாமல் எடுத்துக்கொண்டாள்.

பி.எஸ்.ஏ. (புற்றுநோய் திரும்புகிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) 0.1-க்குக் கீழே, அது நல்ல சேதி. விறைப்புக்கான வேக்யூம் பம்ப் பற்றிக் கேட்டவர்களுக்கு: அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் விசாரித்து எழுதுகிறேன்.